ஆள் இல்லை

ராணுவத்துப் படகு தன் இஷ்டத்துக்கு எந்தத் தெருவுக்குள்ளும் போகாது. கலெக்டர் எழுத்தில் கேட்டால்தான் பட்டாளம் முகாமை விட்டே கிளம்பும். கிளம்பி வந்த பிறகும் படகின் முன்பலகையில் வருவாய்த் துறை ஆள் ஒருத்தர் உட்கார்ந்தாக வேண்டும். அவர் விரல் நீட்டின பக்கம் படகு திரும்பும், நீட்டாத பக்கம் திரும்பாது. அடுத்த வீட்டில் ஆள் கத்தினாலும் சிப்பாய் அந்த விரலைத்தான் பார்ப்பான். ஊர் அவனுக்குத் தெரியாது, எந்தச் சுவருக்குப் பின்னால் கிணறு இருக்கிறது என்றும் தெரியாது.

இந்த நடைமுறையைப் பார்வதத்துக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் வந்த பெருவெள்ளத்தில் அந்த விரலை அவள் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று பார்த்தவள்.

அப்போது அவள் பட்டாபிராம் பக்கம் ஏரிக்கரைத் தெருவில் மூன்றாவது வீடு. புருஷன் துலுக்கானம் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றும் வேலை. வெள்ளத்துக்குப் பத்து நாள் முன்னால் இரும்புச் சட்டம் விழுந்து அவன் காலில் தொடை வரை மாவுக்கட்டு. தண்ணீர் வாசல்படி ஏறியதும் அக்கம்பக்கத்தார் ரயில்வே மேட்டுக்கு ஓடினார்கள். இவளும் பக்கத்து வீட்டுப் பையனும் சேர்ந்து துலுக்கானத்தைத் தூக்கிப் பரண் மேல் உட்கார வைத்தார்கள். அதற்கு மேல் அவனை நகர்த்த முடியவில்லை. "நீ போயி யாரையாச்சும் இட்டுகினு வா, நான் குந்திகினு கீறேன்" என்று சிரித்தபடிதான் அனுப்பினான்.

மெயின் ரோட்டு முனையில் ராணுவப் படகு நின்றது. முன்பலகையில் குடை பிடித்தபடி ஆர்.ஐ. கஜபதி. வருவாய் ஆய்வாளர் என்றால் அந்த வட்டாரத்தில் குட்டி ராஜா. பார்வதம் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். மூணாவது ஊடு சார், பரண் மேல கீறாரு, காலுல மாவுக்கட்டு சார். கஜபதி அவள் முகத்தை நன்றாகப் பார்த்தார், "தோ, அங்கதாம்மா வர்றோம்" என்றார். ஏரிக்கரைத் தெருவைக் காட்டி ஏதோ கேட்ட சிப்பாயிடம் இந்தியில் என்னவோ சொல்லிக் கையை விசிறினார். அப்புறம் விரலை எதிர்ப் பக்கம் நீட்டினார். அந்தப் பக்கம் ஒரு பெரிய மனிதரின் பங்களா. மாடியில் அவர் குடும்பம் பத்திரமாக இருந்தது. ஆனாலும் அவர்களைத்தான் முதலில் ஏற்ற வேண்டியிருந்தது கஜபதிக்கு. பிறகு அதே பெரிய மனிதரின் மச்சினர் வீடு, அவருடைய கணக்குப்பிள்ளை வீடு என்று படகு மூன்று நடை போனது. ஏரிக்கரைத் தெருவுக்குள் கடைசி வரை நுழையவே இல்லை. மறுநாள் தண்ணீர் வடிந்த பிறகு நான்கு பேர் சேர்ந்து துலுக்கானத்தைப் பரணிலிருந்து இறக்கினார்கள். தண்ணீரில் ஊறி அந்த மாவுக்கட்டு சொதசொதவென்று கழன்று வந்தது. அந்தச் சனியன் ஒரு நாள் முன்னால் கழன்றிருந்தால் அவன் நீந்தியாவது தப்பித்திருப்பான்.

பார்வதம் அழுது முடித்தாள், பிறகு படித்தாள். தேர்வு எழுதி, இரண்டாவது தடவையில் தேறி, கிராம நிர்வாக அலுவலர் ஆனாள். வேலைக்கு வந்த முதல் வருஷமே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு ஒரு காகிதத்துக்கு நகல் வாங்கினாள். படகு ஒவ்வொரு நடை போய் வந்ததும் முன்பலகை ஆள் எழுதவேண்டிய ட்ரிப் ஷீட் அது. நேரம், தெரு, ஏற்றிய ஆட்கள். படகுக்குப் பொறுப்பான ராணுவத்தான் பக்கத்தில் கையெழுத்துப் போடுவான். தமிழ் படிக்கத் தெரியாவிட்டாலும் போடுவான், சிவில் ஆள் எழுதினது சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை. அந்த ஷீட்டில் கஜபதியின் உருண்டை உருண்டையான கையெழுத்தில் இருந்தது: ஏரிக்கரைத் தெரு, காலை 9.40, ஆள் இல்லை.

அந்த இரண்டு வார்த்தையால்தான் கட்டுப்பாட்டு அறையில் தெருவையே பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். வேறு படகும் அந்தப் பக்கம் போகவில்லை. நகலை அவள் நாலாக மடித்து அடையாள அட்டை உறைக்குள் வைத்துக்கொண்டாள். இரண்டு முறை மேலே புகார் அனுப்பினாள். பழைய வெள்ளத்து விஷயம், அவசரத்தில் நேர்ந்த கவனக்குறைவு, கோப்பு முடிக்கப்பட்டது என்று ஒரு வரி பதில் வந்தது. கஜபதி துணைத் தாசில்தாராகி, மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார்.

இந்த டிசம்பரில் மறுபடி ஏரி நிரம்பி வழிந்தது. பார்வதம் இப்போது பக்கத்துக் கிராமத்துக்கு வி.ஏ.ஓ. காலை ஏழு மணிக்கே படகில் ஏற்றிவிட்டார்கள். படகுக்குப் பொறுப்பு சுபேதார் நேகி. வடக்கே இமயமலைப் பக்கத்துக்காரர், ஆவடிக்கு வந்து மூன்று வருஷமாகிறது, காய்கறிக் கடையில் பேசிப் பழகிய தமிழ். "மேடம், நீங்க கை காட்டு, நாங்க போறான்" என்றார் முதலிலேயே. பார்வதம் கை காட்டினாள். டயாலிசிஸ் நோயாளி ஒருவர், படுக்கையில் கிடந்த ஒரு பெரியவர், பச்சைக் குழந்தையோடு ஒரு பெண். யாரை முதலில் ஏற்றுவது என்பதில் அவளுக்குக் குழப்பமே வரவில்லை. எட்டு வருஷமாக மனசுக்குள் இந்தப் படகை ஓட்டிக்கொண்டிருந்தவள்.

பதினோரு மணி சுமாருக்கு ஒரு நிறைமாதக் கர்ப்பிணியை ஏற்றிக்கொண்டு ஸ்ரீசக்ரா நகர் வழியாக வந்தார்கள். எது ஏரி, எது வாய்க்கால் என்று முப்பது வருஷம் சங்கிலி போட்டு அளந்த கஜபதி வீடு கட்டியிருந்தது ஏரியின் உபரிநீர் வாய்க்கால் மேல். படிச்சவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள். ஜன்னல் பாதி முழுகியிருந்தது. மொட்டைமாடியில் கஜபதியும் அவர் மனைவி வடிவும் ஒரே ஒரு தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏம்மா, இங்க வா. நான் ரிட்டயர்டு டெபுடி தாசில்தார். காலைலேர்ந்து நிக்கிறோம், போன் கூட செத்துப்போச்சு" என்று கத்தினார்.

பார்வதம் அவரையே பார்த்தாள். அவருக்கு இவளை அடையாளம் தெரியவில்லை. படகின் விளிம்பைப் பிடித்துக் கெஞ்சிய முகம் அந்த ஆளின் ஞாபகத்தில் ஒரு மூலையில்கூட ஒட்டியிருக்கவில்லை. அவர் மறந்தே போயிருந்ததுதான் அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

"மேடம், இந்த வீடு?" என்றார் நேகி. படகில் இரண்டு பேருக்கு இடம் இருந்தது.

"அப்புறம்" என்றாள்.

வடிவுக்குப் படகில் இருந்த வயிற்றுப் பிள்ளைக்காரி கண்ணில் பட்டாள். உடனே அந்த அம்மாள் கையை ஆட்டி, "போங்க, போங்க. புள்ளத்தாச்சிய மொதல்ல இட்டுகினு போங்க. நாங்க இருக்கோம்" என்றாள்.

நான் குந்திகினு கீறேன் என்று துலுக்கானம் சொன்னது பார்வதத்தின் காதில் விழுந்தது. தலையை உதறிக்கொண்டாள். கரை சேர்ந்ததும் ட்ரிப் ஷீட்டை எடுத்தாள். மழை படாமல் குனிந்து, நிறுத்தி நிதானமாக எழுதினாள்: ஸ்ரீசக்ரா நகர், காலை 11.10, ஆள் இல்லை. நேகி பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். ஷீட் கட்டுப்பாட்டு அறைக்குப் போனது. அங்கே யாரோ பேனாவால் ஸ்ரீசக்ரா நகரை அடித்தார்கள். அவ்வளவுதான்.

இனிக்கும் என்று நினைத்திருந்தாள். இனிக்கத்தான் செய்தது, பொய் சொல்வானேன். மதியம் கரையில் பொட்டலச் சாப்பாட்டைப் பிரித்தபோது இரண்டு கவளம் ருசியாகவே இறங்கியது. நில்லுடா, நனைடா, படகு வரும் வரும் என்று பார்த்துக் கண்ணு பூத்துப் போகட்டும் என்று ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு சாபம் விட்டாள். மூன்றாவது கவளத்தில் அந்தத் தார்ப்பாய் ஞாபகம் வந்தது, வடிவின் கை ஞாபகம் வந்தது. பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டாள். இரண்டு மணிக்கு நேகி, "மேடம், அந்த மாடி வீடு?" என்று நினைவாகக் கேட்டார். "வேற போட்ல ஏத்திட்டாங்க" என்றாள். அவர் தலையாட்டிவிட்டு மோட்டாரில் சிக்கின சேலைத் துணியை எடுக்கப் போனார்.

மழை விட்ட பாடில்லை. நாலரை மணிக்கு நேகி ஒரு காகிதத்தோடு வந்தார். பட்டாளத்தைக் கூப்பிட எப்படிக் காகிதம் வேண்டுமோ, அப்படித் திருப்பி அனுப்பவும் வேண்டும். இந்தப் பகுதியில் மீட்க வேண்டியவர் எவரும் இல்லை, படகை விடுவிக்கிறோம் என்று சிவில் ஆள் கையெழுத்துப் போட்டால் அவர்கள் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். அயனம்பாக்கம் பக்கம் கூப்பிடுகிறார்களாம்.

"எல்லாம் முடிஞ்சு, மேடம்? ஆள் யாரும் இல்லை?"

பேனா அவள் கையில் இருந்தது. போடு என்றது மனசு. எட்டு வருஷம் காத்திருந்தது இந்த ஒரு கையெழுத்துக்குத்தான், போட்டுவிட்டு வீட்டுக்குப் போ. விடிவதற்குள் மாடியும் முழுகலாம், அல்லது குளிரே வேலையை முடித்துவிடலாம்.

அப்புறம்தான் அவளுக்கு வேறொன்று தோன்றியது. கஜபதி செத்தால் என்ன ஆகும்? போட்டோவுக்கு மாலை போடுவார்கள். நேர்மையான அதிகாரி என்று தெரு முனையில் பேனர் வைப்பார்கள். வெள்ளத்தில் பலியானவர் பட்டியலில் துலுக்கானத்துக்குச் சமமாக அவரும் சேர்ந்துவிடுவார். மாறாக, உயிரோடு இருந்தால் அந்த மனுஷன் சும்மா இருக்கவே மாட்டார். வேலையில் இருந்தபோது டீ ஆறிப்போனதற்குக்கூட மெமோ எழுதியவர். ஓய்வு பெற்ற பிறகு தெருவிளக்குக்கு, நாய்க்கு, பக்கத்து வீட்டு முருங்கைக் கிளைக்கு என்று வாரம் ஒரு மனு கலெக்டருக்கு. தாலுகா ஆபீஸில் அவர் மனுக்களுக்கென்றே தனிக் கட்டு இருந்தது, அதைத் தன் கையாலேயே அடுக்கியவள் பார்வதம்.

செத்தவன் மனு எழுத மாட்டான்.

அவளுக்கு மனசு இளகிவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வடிவின் கை உறுத்தாமல் இல்லை, அது ஒரு பக்கம். ஆனால் பேனாவை மூடி ரெயின்கோட் பையில் செருகியபோது அவள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"ஒரு ஊடு பாக்கி கீது, சாப். அந்த மாடி ஊடு. வேற போட் ஏத்தல. நான் பொய் சொன்னேன். ஷீட்லயும் ஆள் இல்லைன்னு பொய்யா எழுதிட்டேன்."

நேகி தொப்பியைக் கழற்றித் தண்ணீரைப் பிழிந்தார். "மேடம், நாங்க உங்க கை பாத்து போறான். நீங்க எழுதுது, நான் சைன் போடுது. என் சைன் பொய் ஆச்சு" என்றார். குரலை உயர்த்தவில்லை. அந்த நாள் முழுக்க யார் பேசியும் சுருங்காத பார்வதம் அப்போது சுருங்கிப்போனாள். அவர் திரும்பிச் சிப்பாய்களுக்கு உத்தரவு கொடுத்தார், மோட்டார் உறுமியது.

ஐந்து மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்தபோது ஜன்னல் முழுசாக முழுகியிருந்தது. தார்ப்பாய் காற்றில் கிழிந்து போயிருந்தது. வடிவுக்கு உதடு நீலம் பாரித்து, பல் கிட்டியிருந்தது. இரண்டு சிப்பாய்கள் அவளைக் குழந்தையைத் தூக்குவது போல் இறக்கினார்கள். பார்வதம் தன் ரெயின்கோட்டைக் கழற்றி அவளுக்குப் போர்த்தினாள்.

கஜபதி இறங்குவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். "ஆறு மணி நேரம். பதினோரு மணிக்குப் பாத்துட்டுப் போனவங்கதானே நீங்க? என்னன்னு எழுதின ஷீட்ல? எனக்கு இந்த வேலை தெரியாதுன்னு நினைச்சியா?"

"ஆள் இல்லைன்னு எழுதினேன் சார்" என்றாள் பார்வதம்.

"தெரிஞ்சே எழுதினியா?"

"தெரிஞ்சேதான் எழுதினேன்."

"இது கொலை. பச்சைக் கொலை. உன்னை வேலையில வெக்க மாட்டேன். கலெக்டருக்கு எழுதுவேன்."

"எழுதுங்க சார்" என்றாள். "டைப் அடிக்காதீங்க, உங்க கையால எழுதுங்க. அப்பதான் நம்புவாங்க."

வடிவு ரெயின்கோட்டுக்குள்ளிருந்து நடுங்கிக்கொண்டே கேட்டாள். "ஏம்மா, நாங்க உனக்கு இன்னா பண்ணோம்?"

"நீங்க ஒண்ணும் பண்ணலம்மா" என்றாள் பார்வதம். வடிவு அவளை ஒரு தடவையும் புருஷனை ஒரு தடவையும் பார்த்தாள்.

ஒன்பதாம் நாள் மனு போய்ச் சேர்ந்தது. முழு நீளத் தாளில் நாலு பக்கம், உருண்டை உருண்டையான கையெழுத்து. பார்வதத்துக்குப் பணியிடை நீக்க உத்தரவும் விளக்கம் கேட்டு மெமோவும் மனுவின் நகலும் ஒரே உறையில் வந்தன. அவள் வாசல்படியில் உட்கார்ந்து மனுவை மூன்று தடவை படித்தாள். இரண்டாம் பக்கத்தில் தேடினது கிடைத்தது. கேட்டதற்கு மேலேயே கொடுத்திருந்தார் மகராசன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், இவர் பேனாவால்.

திருவள்ளூரில் விசாரணை நடந்தது. விசாரணை அதிகாரி ஒரு நடுத்தர வயது அம்மாள், அதிகம் பேசாதவர். ஒரு பக்கம் கஜபதி, அவருக்குப் பின்னால் சாட்சியாக வடிவு. எதிரில் பார்வதம். நேகியின் வாக்குமூலம் ஏற்கெனவே எழுத்தில் வந்திருந்தது.

"குற்றச்சாட்டுக்கு உங்க பதில் என்ன?" என்று அதிகாரி கேட்டார்.

"சார் எழுதினது எல்லாமே நெசம், மேடம். ஒரு வார்த்தையும் மறுக்கல. ரெண்டாம் பக்கம் மட்டும் சார் வாயால ஒரு தடவ படிக்கச் சொல்லுங்க."

கஜபதிக்கு அதில் சந்தோஷம்தான். எழுந்து நின்று, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மேடைப் பேச்சு போலப் படித்தார். "வீட்டில் உயிருடன் ஆட்கள் இருப்பது தெரிந்தும் ஆள் இல்லை என்று பதிவது கவனக்குறைவு ஆகாது. அது பேனாவால் செய்யும் கொலை. அவசரம், வெள்ளம், வேலைப்பளு என்ற எந்தக் காரணமும் இதற்குச் செல்லாது. இதனால் ஓர் உயிர் போயிருந்தால், எழுதியவர் எவ்வளவு காலம் கழித்துப் பிடிபட்டாலும் கொலை வழக்கே பதியவேண்டும். முப்பது ஆண்டுகள் இத்துறையில் பணியாற்றியவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன்."

படித்துவிட்டு உட்கார்ந்தார்.

பார்வதம் அடையாள அட்டை உறையிலிருந்து அந்தப் பழைய நகலை எடுத்தாள். நாலு மடிப்பும் தேய்ந்து கிழிகிற நிலையில் இருந்தது. அதைப் பிரித்து மேஜை மேல் வைத்தாள். கூடவே துலுக்கானத்தின் இறப்புச் சான்றிதழ், மறுநாள் போலீஸ் எழுதிய பிரேத விசாரணை அறிக்கை. இடம்: ஏரிக்கரைத் தெரு, மூன்றாவது வீடு, பரண் மேல்.

"கையெழுத்து ஒண்ணுதான், மேடம். பாருங்க" என்றாள். "சார் சொன்ன தண்டன எனக்கு சம்மதம். அன்னிக்கு அவர் ஊட்ல யாரும் சாகல, இருந்தாலும் சம்மதம். என் ஊட்ல செத்தாரு. சார் எழுதின அதே தண்டனய சாருக்கும் குடுங்க."

அதிகாரி மனுவையும் ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஷீட்டை மட்டும் திருப்பி கஜபதி பக்கம் தள்ளினார்.

"இது உங்க எழுத்தா?"

கஜபதி அதைப் பார்த்தார், பிறகு பார்வதத்தைப் பார்த்தார். இந்த முறை அவருக்கு முகம் தெரிந்தது. கழுத்தளவுத் தண்ணீரில் படகைப் பிடித்து நின்ற அந்த முகம் எட்டு வருஷம் கழித்து வந்து சேர்ந்ததை அவர் நெற்றி வியர்வையிலேயே பார்க்க முடிந்தது. "அது அந்தச் சூழ்நிலையில... அவசரத்துல..." என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவசரம் செல்லாது என்று இப்போதுதான் அவரே படித்திருந்தார்.

"அந்த வீட்டுல ஆள் இருந்தது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவர் தண்ணீர் டம்ளரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். பின்னாலிருந்து வடிவு நாற்காலியை இழுத்து எழுந்தாள். அன்றைய குளிர் இன்னும் அவள் நெஞ்சை விடவில்லை, இருமிவிட்டுத்தான் பேசினாள்.

"சொல்லிருங்க" என்றாள் புருஷனிடம். "நான் ஆறு மணி நேரம் நின்னு பாத்துட்டேன். அது இன்னான்னு எனக்குத் தெரியும். அந்த மனுஷன் ஒண்டியா குந்திகினு இருந்திருக்காரு. சொல்லிருங்க."

கஜபதி தன் எழுத்தையே குனிந்து பார்த்துக்கொண்டு இருந்தார்.

"இருந்தாரு" என்றார். "இந்தம்மா சொல்லிச்சு. எனக்குத் தெரியும். இருந்தாரு."

அதிகாரி பேனாவைத் திறந்து அதை அப்படியே எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, கஜபதியிடம் கையெழுத்து வாங்கினார். பிறகு பார்வதம் தன் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டாள்.